இறங்கும் இடம்

மூன்று சனிக்கிழமைப் பயிற்சி.
லுவான்ஷ்யா பங்கில் பன்னிரண்டு அன்பியங்கள்,
ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர்.
எங்கள் தெருவிலிருந்து ஆஸ்ட்ரிடாவும் நானும்.
அவளைக் கைதூக்கித் தேர்ந்தெடுத்தார்கள்.
என்னை
நான் கூட்டத்துக்குப் போகாத அன்று
தேர்ந்தெடுத்தார்கள்.

மினிபஸ்ஸில் கண்டக்டர் நான்.
ஆட்களைப் பார்த்தால் எண்ணத்தான் வரும்.
இருபத்து நான்கு நாற்காலி, இருபத்து மூன்று தலை.
ஜன்னலோரம் ஒன்று காலி,
இன்னும் ஓராள் ஏற்றலாம்.

பதினோரு மணிக்குக் கசூபா வந்தார்,
சட்டைக் கையில் ஆட்டுக்கொழுப்பு மணக்க.
ஒரு பொட்டலம் ஈரலை மேசைமேல் வைத்து
'மதியத்துக்கு' என்றார்.
எலும்போடு சிரிப்பையும் நிறுத்துக் கொடுப்பவர் என்று
சந்தையில் அவருக்குப் பெயர்.

பயிற்சி தருபவர் பிரிஜிட் ன்சோஃப்வா.
என்டோலாவிலிருந்து முதல் பஸ்ஸில் வருவார்,
என் கடைசி மகளைவிட இரண்டு வயது மூத்தவர்.
பலகையைச் சுவரில் சாய்த்துக் கேட்டார்:
தலைவர் என்றால் யார்?
முதலில் வருபவர்.
சாவி வைத்திருப்பவர்.
திட்டு வாங்குபவர், இது ஆஸ்ட்ரிடா.
எல்லாவற்றையும் எழுதினார்.
சாக்பீஸ் தீர்ந்தபோது யாரோ
காய்ந்த மரவள்ளித் துண்டை நீட்டினார்கள்.
அதுவும் எழுதியது.

அடுத்த வாரம் பாடம் நீண்டது.
அழுகிறவரிடம் வேதத்தை உடனே விரிக்காதீர்கள்.
கடிகாரம் பார்க்காதீர்கள்.
உங்கள் வீட்டுக் கதையைச் சொல்லாதீர்கள்.
நாங்கள் எழுதிக்கொண்டோம்.
கடிகாரம் பார்த்துக்கொண்டோம்.

மூன்றாவது சனி, நடித்துக் காட்ட வேண்டும்.
துக்க வீட்டுக்குத் தலைவர் போகிறார்.
எனக்குத் தலைவர் வேடம்,
கையில் ஐந்து கேள்விகள் அச்சடித்த தாள்.
கசூபாவுக்குத் துக்க வேடம்.

ஆஸ்ட்ரிடாவின் பூப்போட்ட சித்தெங்கேயை
முக்காடிட்டு ஓலமிட்டார் பாருங்கள்,
தகரக்கூரை அதிர்ந்தது.
அறையே வயிற்றைப் பிடித்துக்கொண்டது.

'இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு?'

'யாரும் இறக்கவில்லை.
பெப்ரவரியில் மனைவி கிட்வேக்கு வண்டி ஏறினாள்,
தையல் மெஷினோடு.
செத்திருந்தால் பாட வந்திருப்பீர்கள்.
வீட்டுக்கொரு விறகு வந்திருக்கும்.
விடியும்வரை என் முற்றத்தில்
நெருப்பைச் சுற்றிக் கிடந்திருப்பீர்கள்.'

குரல் இன்னும் வேடிக்கைக் குரல்தான்.
துணி மட்டும் முகத்தைவிட்டு விலகவில்லை.

இரண்டாம் கேள்வி, அடக்கம் எப்போது.
மூன்றாவது, யாருக்கெல்லாம் சொல்லியாயிற்று.
எழுத்துகள் என் கண்ணில் எறும்பாய் ஊர்ந்தன.
வாய் தன் பிழைப்பைத் தானே பார்த்துக்கொண்டது:
'எங்கே இறங்கணும்?'

எல்லோரும் சிரித்தார்கள்.
சிரிப்பு அடங்கக் காத்திருந்து
துணிக்குள்ளிருந்து அவர் சொன்னார்:
'அவளிடமும் அதைத்தானே கேட்டாய், எவரிஸ்ட்டோ.'

ஆமாம்.
மெஷினைக் கூரையில் ஏற்றிக் கட்டியது நான்.
முடிச்சு அவிழாமல் இரண்டு தரம் இழுத்துப் பார்த்தேன்.
மூட்டைக்கூலி பதினைந்து குவாச்சா
பேரம் இல்லாமல் வாங்கினேன்.
அன்று சாயங்காலமே
அவர் கடையைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போனேன்,
அரைக்கிலோ எலும்பு வாங்கிக்கொண்டு.

பிரிஜிட்டின் கையேட்டில் அடுத்த பக்கம்
காணிக்கைக் கணக்கு எழுதும் முறை.
அவர் பக்கத்தைப் புரட்டவில்லை.
சமையலறையில் ஈரல் தீய்ந்த வாடை வந்தது.
எழுந்து போக ஒருவருக்கும் கால் வரவில்லை.

மாலையில் சான்றிதழ் தந்தார்கள்.
என் பெயரை எவரிஸ்டா என்று அடித்திருந்தார்கள்.
ஆயர் கையொப்பம் மட்டும் சரியாக இருந்தது.

வியாழக்கிழமை கடைசி நடை முடித்து
கசூபாவின் வாசலில் வண்டியை நிறுத்தச் சொன்னேன்.
பதினைந்து குவாச்சாவை நீட்டினேன்.
வாங்கினார். எண்ணினார்.
'கயிறு உன்னுடையதுதானே' என்று
இரண்டைத் திருப்பித் தந்தார்.

பிறகு பெஞ்சில் கிடந்த ஆட்டுத்தோலைச் சுருட்டி
ஓரமாகத் தள்ளினார்.
ஓராள் இடம்.
உட்கார்ந்தேன்.
டிரைவர் ஹாரன் அடித்தார், திட்டினார், போய்விட்டார்.

தாள் சட்டைப்பையில்தான் இருந்தது.
நான்காம் கேள்வி என்னவென்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.